கட்டில் இன்னிக்கு எங்க கீது?

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் ஷிஃப்டிங் அக்கா உள்ளே நுழைந்து பார்க்காத வீடு ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த வீட்டுக்கு இன்னும் அஸ்திவாரமே போடவில்லை என்று அர்த்தம். சுவர் எழும்பியிருந்தால் அக்கா பார்த்திருப்பார். ஜன்னல் வைத்திருந்தால் எட்டிப் பார்த்திருப்பார். கதவு வைத்திருந்தால் நேராகச் சமையலறை வரை போய், மேடையைக் கையால் ஒரு தடவு தடவி, "நல்லாத்தான் கீது, ஆனா ஒசரம் ஜாஸ்தி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

அவருக்கு ஒரு நிஜப் பெயரும் உண்டு. ரேஷன் கடையில் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அக்கா உட்பட வரிசையில் நின்ற எல்லோரும் யாரடா அது என்று சுற்றிலும் பார்த்தோம். கடைக்காரர் பொறுமை இழந்து, "ஷிஃப்டிங் அக்கா, உன்னத்தான்" என்றதும்தான் பையை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெயர் எனக்கும் மறந்துவிட்டது.

வீடு ஷிஃப்ட் பண்ணுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அக்கா வீட்டுக்குள்ளேயே ஷிஃப்ட் பண்ணுகிறவர். முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெருவில், மாமனார் விட்டுப்போன நிலத்தில் கட்டிய சின்ன வீடு அவருடையது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு குட்டி அறை. அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கில் எது எந்த வாரம் என்னவாக இருக்கும் என்று தபால்காரருக்குக்கூடத் தெரியாது. போன மாதம் சாமி படங்கள் இருந்த குட்டி அறையில் இந்த மாதம் டிவி ஓடும். சாப்பாட்டு மேஜை படுக்கையறைக்குப் போய்விடும். அவருடைய ஒரே மகள் தேவி பள்ளிக்கூடம் படித்த காலத்தில், காலையில் விட்டுப்போன படிப்பு மேஜையைச் சாயங்காலம் தேடித் தேடி அலுத்து, கடைசியில் ஃப்ரிட்ஜ் மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே கணக்குப் போட்டிருக்கிறாள். ஃப்ரிட்ஜ் அப்போது ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. வருகிறவர்களுக்கு உடனே ஜில்லென்று தண்ணீர் கொடுக்கலாம் என்பது அக்காவின் யோசனை.

இத்தனைக்கும் நடுவே வாழ்ந்தவர் அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணன். திருமுடிவாக்கத்தில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலையில் தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர். வீட்டுக்கு வந்தால் தன்னுடைய லுங்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. தினமும் சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் கேட்பார்.

"இந்தாம்மே, கட்டில் இன்னிக்கு எங்க கீது?"

இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்பது மாதிரிதான் அதைக் கேட்பார். கோபமோ அலுப்போ இருக்காது. அக்கா உள்ளேயிருந்து, "பின் ரூமுல. சுவத்தோரமா போங்க, டீபாய் இடிக்கும்" என்று வழி சொல்வார். சொந்த வீட்டுக்குள் வழி கேட்டு நடந்த மனிதர் இந்தப் பக்கத்திலேயே அவர் ஒருவர்தான்.

நானும் என் மனைவியும் கல்யாணமான புதிதில் எதிர் வீட்டு மாடிக்குக் குடிவந்தோம். அட்டைப் பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரு சொம்பு மோரோடு வந்த அக்கா, சொம்பை என் மனைவி கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று எல்லா அறைகளையும் பார்த்துவிட்டு வந்தார். கட்டிலை ஜன்னலுக்கு எதிரே போட வேண்டும் என்றார். போட்டோம். உண்மையிலேயே காற்று வந்தது. அதற்குக் கூலியாக அன்று சாயங்காலமே என்னை அழைத்துப்போய் தன் பீரோவின் ஒரு முனையைத் தூக்கச் சொன்னார். அன்றைக்குத் தொடங்கி, பீரோவின் மறுமுனை என்கிற பதவியில் பல வருடங்கள் இருந்தேன். சம்பளம் கிடையாது. வாழைக்காய் பஜ்ஜி உண்டு.

அக்காவுக்கு யோசனைகள் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. சொத்தைப் பல்லுக்காகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார். காத்திருக்கும் இடத்தில் மீன் தொட்டி ஒன்று பச்சை வெளிச்சத்தில் இருந்ததாம். பல் வலி போனதோ இல்லையோ, அடுத்த வாரம் அவர் சமையலறையில் பச்சை பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சாம்பார் என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவிளக்கின் கீழ் நின்று, இன்றைக்கு என்ன குழம்பு என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார். சண்டை போடவில்லை.

வார இறுதிகளில் அக்கா கிரகப்பிரவேசங்களுக்குப் போவார். அழைத்தவர்கள் வீட்டுக்கும் போவார், அழைக்காதவர்கள் வீட்டுக்கும் போவார். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் போதும், பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவார். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் எடுத்துக்கொண்டு போவார். சாப்பிட மாட்டார். அறை அறையாகப் பார்ப்பார். கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அவரை மாப்பிள்ளைப் பக்கத்து அத்தை என்று பெண் வீட்டாரும், பெண் பக்கத்துப் பெரியம்மா என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் மரியாதை கொடுத்து, முதல் பால் காய்ச்ச அவரையே அடுப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பீரோவின் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா எனக்கு இதைச் சொன்னார்.

"பாலு சூப்பரா பொங்குச்சு தம்பி. ஜன்னல அடுப்புக்கு நேரா வச்சிகீறாங்க, அதான் தப்பு. தீ நிக்கல."

ஒருநாள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொன்னார். பிறந்தது அனகாபுத்தூரில் நெசவு செய்கிற வீடாம். ஒரே அறை. பாதி அறையைத் தறி எடுத்துக்கொண்டுவிடும். மீதிப் பாதியில் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். சமையல், தூக்கம், பிரசவம் எல்லாம் அங்கேதான்.

"தறி நகராது தம்பி. தரையில குழி வெட்டி நட்டது. நாங்கதான் அத்த சுத்தி நகந்துகினே இருக்கணும். கல்யாணமாயி இந்த வூட்டுக்கு வந்த அன்னிக்கு, இங்க எத்த வேணா நகத்தலாம்னு அவரு சொன்னாரு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாரு. நான் புட்ச்சிகினேன்."

பெரிய வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூர்ப் பக்கம் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். அக்காவும் அண்ணனும் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள். கீழே தங்கள் வீட்டு ஜன்னலின் பாதி வரை தண்ணீர் நின்றதைப் பார்த்து அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தண்ணீர் வடிந்ததும் மூன்று பேரும் உள்ளே போனோம். முழங்கால் வரை சேறு. ஹாலில் இருந்த சோபா மிதந்துபோய்ப் பின் அறையின் ஜன்னலுக்குக் கீழே வாகாக உட்கார்ந்திருந்தது. அழுத கண்ணோடு அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மூலையைத் தான் யோசிக்கவே இல்லையே என்றார். துடைப்பத்தோடு நின்ற அண்ணன், தண்ணிக்கு இருக்கிற அறிவு நமக்கு இல்லை என்றார். சேற்றில் நின்றுகொண்டு மூன்று பேரும் சிரித்தோம். காய்ந்த பிறகு அந்த சோபா ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

தேவி கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். அண்ணன் ரிடையர் ஆனார். இனி பகலிலும் வீட்டில் இருப்பாரே, பாவம், என்று தெருவே கவலைப்பட்டது. அக்காவோ புது வேகத்தில் இருந்தார். தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் ஆள் உயரக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோல ஒன்றை ஹாலில் மாட்டினார். ஹால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது யோசனை. ஒருநாள் நான் போனபோது அண்ணன் அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்று, "வாங்க, உக்காருங்க, எவ்ளோ நேரமா நின்னுகினு கீறீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தார். மனுஷனுக்கு ரிடையர் ஆன பிறகுதான் கிண்டலே வருகிறது என்று தெருவெல்லாம் சொன்னோம்.

இன்னும் சிலதும் நடந்தன. ஒருமுறை அண்ணன் பக்கத்து வீட்டுக்குள் போய் அவர்கள் கட்டிலில் படுத்துவிட்டார். அக்கா வீட்டில் அன்றைக்குக் கட்டில் எங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அந்த வீட்டுக்காரர்களே சமாதானம் சொன்னார்கள். சட்டையைத் தேடினார், கண்ணாடி டம்ளரைத் தேடினார், ஒருநாள் வாசல் கதவையே தேடினார். ஒவ்வொன்றுக்கும் காரணம் தயாராக இருந்தது. அவர் மனைவி ஷிஃப்டிங் அக்கா அல்லவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பீரோவின் ஒரு முனை அக்கா கையில், மறுமுனை என் கையில். ஹாலிலிருந்து படுக்கையறைக்குத் திரும்பும் இடத்தில் நிற்கிறோம். அண்ணன் தோளில் துண்டோடு வந்தார்.

"இந்தாம்மே, பாத்ரூம எங்க மாத்தி வச்ச?"

நான் சிரித்தேன். அக்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை, முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. தன் பக்கத்தை மெல்லத் தரையில் இறக்கிவைத்தார். அண்ணனின் கையைப் பிடித்து, வீடு கட்டிய நாளிலிருந்து கொல்லைப்புறம் ஒரே இடத்தில் இருக்கும் குளியலறைக்கு அழைத்துப்போய் விட்டார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, பாத்ரூம நான் எங்க மாத்த முடியும்?"

நான் என் முனையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

தாம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய் என்றார். எப்போது ஆரம்பித்தது, முதலில் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். வேறு எந்த வீட்டிலாவது ஒரு மனிதர் தன் கட்டில் எங்கே என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பயந்திருப்பார்கள். இந்த வீட்டில் அவர் முப்பது வருடமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். எந்த நாளிலிருந்து அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இனி எதையும் இடம் மாற்றாதீர்கள் என்று டாக்டர் பொதுவாக எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். எங்கள் தெருவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். அக்கா தலையை ஆட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். அக்கா அண்ணனுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்.

"நாந்தான் தம்பி அவரு மூளைய கொயப்பிட்டேன்."

அப்படி இல்லை அக்கா, இது யாருக்கும் வருகிற நோய், டாக்டரே சொன்னாரே என்றேன். அவர் நம்பவில்லை. போதாக்குறைக்கு ஓசூரிலிருந்து தேவி ஆத்திரத்தில், நீ மாத்தி மாத்தி வைத்ததால்தான் அப்பாவுக்கு இப்படி இருக்கிறது என்றே நமக்குத் தெரியாமல் போயிற்று என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது உண்மையாகவும் இருந்தது. அதுதான் கஷ்டம்.

வீடு நின்றுபோனது. கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். அதைத் தவிர ஒரு ஸ்டூல்கூட நகரவில்லை. அக்கா வெளியே போவதையும் விட்டுவிட்டார். எதிர் வரிசையில் ஒரு புது வீட்டுக்கு வாழைமரம் கட்டினார்கள். ஷாமியானா போட்டார்கள், ஊரே போனது. அக்கா ஜன்னலையும் சாத்திக்கொண்டார்.

ஆனால் அண்ணனுக்கு அது ஒத்துவரவில்லை. டாக்டர் சொன்னபடி எல்லாம் அசையாமல்தான் இருந்தன. அவர்தான் வேறு எங்கோ நடந்துகொண்டிருந்தார். ஹால் ஜன்னலுக்குக் கீழே போய், ஒன்றுமில்லாத இடத்தில் உட்காரப் போவார். ஒருநாள் அப்படி விழுந்து இடுப்பில் நல்ல அடி. சமையலறையில் தரையோரம் குனிந்து எதையோ தேடுவார். ஹாலின் நடுவில் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கிப் போவார். அங்கே ஒன்றுமே கிடையாது. நான் அதை நோயின் குழப்பம் என்று நினைத்தேன். அக்கா சில நாட்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மத்தியானம் அவரை ஹாலில் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, நானும் இருக்கும்போதே, நிதானமாகக் கேட்டார்.

"இன்னாங்க, ஜன்னலாண்ட இன்னா கீது?"

"கட்டிலு."

"இங்க நடுவால?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மெதுவா பேசு. கொயந்த தூங்குது."

அக்கா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஹாலின் நடுவில் பழைய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. தேவி கைக்குழந்தையாக இருந்தபோது தூளி கட்டிய கொக்கி. அண்ணன் தலையைக் குனிந்து ஒதுங்கிப் போனது அந்தத் தூளியில் இடித்துவிடக் கூடாது என்றுதான்.

தேவி பிறந்த வருஷத்து வீட்டில் அண்ணன் இருந்தார். நாங்கள் எல்லோரும் வேறு வீட்டில் இருந்தோம்.

அக்கா டாக்டருக்குப் போன் செய்து கேட்டார். பழகிய இடம் அவருக்கு எதுவோ அதையே கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு மறுபடியும் பீரோவின் ஒரு முனையை அக்கா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். ஒவ்வொரு அறையாக முப்பத்துச் சொச்சம் வருடம் பின்னால் போனோம். சோபா போயிற்று. டைனிங் டேபிள் போயிற்று. ஜன்னலுக்குக் கீழே கட்டில் வந்தது. இப்போது வீட்டில் இல்லாத பொருளை எல்லாம் அண்ணனிடமே கேட்டுக்கொண்டோம். இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார். பச்சை மடக்கு நாற்காலி. முக்காலி மேல் டேபிள் ஃபேன். சமையலறைத் தரையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அவர் இத்தனை காலமும் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் கவனித்துத்தான் இருந்திருக்கிறார்.

அக்கா மறுபடி வெளியே கிளம்பினார். இந்தமுறை பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு. உங்களுக்குத் தெரியும், உடைந்த ரேடியோ முதல் பழைய பல் செட் வரை கிடைக்கிற சந்தை. புது வீடுகளின் மேடை உயரத்தை அளந்தவர், வெயிலில் தார்ப்பாயின் மேல் குவித்திருந்த பழைய சாமான்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து பச்சை மடக்கு நாற்காலி தேடினார். நானும் சில வெள்ளிக்கிழமைகள் கூடப் போனேன். நீல நாற்காலி கிடைத்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கிப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே என்றேன். அந்தப் பச்சை தனக்கே ஞாபகமில்லை என்றும் அவரைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லி, அடுத்த வாரம் அண்ணனையே ஆட்டோவில் அழைத்துவந்துவிட்டார். அவர் நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். அதையே வாங்கினோம். அதுவும் பச்சை இல்லை, பழுப்பு. அக்கா வாதாடவில்லை.

கடைசியாகப் பழைய புடவை ஒன்றை எடுத்துக் கொக்கியில் தூளி கட்டினார். தூளி ஒல்லியாகத் தொங்கக் கூடாது என்று உள்ளே ஒரு தலையணை. வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டின் நடு ஹாலில் ஒரு தூளி. கேஸ் போட வந்தவர் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, அக்காவையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவுக்கும் முற்றிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். அண்ணன் மட்டும் அமைதியாகிவிட்டார். ஹாலைக் கடக்கும்போது தூளியை மெல்ல ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். ஜன்னல் பக்கம் போய்க் கட்டிலில் உட்காருவார். அதற்கப்புறம் அவர் விழவே இல்லை.

தேவி ஓசூரிலிருந்து வந்தபோது நானும் அங்கே இருந்தேன். செருப்பைக் கழற்றி உள்ளே ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். யாருக்கும்மா தூளி என்று கேட்டாள். அக்கா சமையலறையிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "உனக்குத்தான்" என்றார். அண்ணன் உதட்டில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று அவளுக்குச் சைகை காட்டினார். தேவி பைகளை வைத்துவிட்டுத் தூளிக்குப் பக்கத்தில், தரையில், அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். போனில் சொன்னதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று மத்தியானம் முழுக்க அவர்கள் வீட்டில் மூன்று பேரும் கிசுகிசுவென்று தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் மேடவாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். கிரகப்பிரவேசத்துக்கு அக்காவை வீட்டுக்கே போய் அழைத்தோம். அண்ணனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையைப் பாருங்கள் அக்கா என்று என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு தபா வர்றேன் கண்ணு, அவரு தேடுவாரு என்று எங்கள் இருவர் தலையிலும் கை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அழைக்காத வீடுகளில் அறை அறையாகப் போனவர், எங்கள் வீட்டில் ஹாலைக்கூடத் தாண்டவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் மேடை அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்கு யார் சொன்னதும் காதில் ஏறவில்லை.

கடைசியாக அண்ணனை நான் பார்த்தது போன வருஷம், ஒரு மழை நாளில். ரொம்ப மெலிந்திருந்தார். என்னைத் தெரியவில்லை. அக்காவையும் தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்து, ஜன்னலையும் தூளியையும் முக்காலியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு வாய் வாங்கிக்கொண்டபின், ஒரு விருந்தாளி கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்.

"வூடு நல்லா கீதும்மா. யாரு வச்சது?"

அத்தனை வருஷத்தில் வீடு நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா அவர் வாயோரம் வழிந்த கஞ்சியை முந்தானையால் துடைத்தார்.

"எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. நான் வச்சேன்."

"நல்ல மனுசன்" என்றார் அண்ணன்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த வாயை ஊட்டினார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் தேவி அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போனாள். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போயிருக்கிறார்கள். உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். பேத்தி பள்ளிக்கூடம் போவதையும் ஓசூர் குளிரையும் பற்றிப் பேசினார். தேவியின் வீடு எப்படி இருக்கிறது, எத்தனை அறை, சமையலறை எந்தப் பக்கம் என்று நானாகவே கேட்டேன். வழக்கமாக அவர் கேட்கிற கேள்விகள்.

"நல்லாத்தான் கீது தம்பி. நான் எத்தயும் தொடல."

வேறு ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்.

"ஒரு நாற்காலியையாவது நகர்த்திப் போடுங்க அக்கா."

"பாக்கறேன் தம்பி" என்றார். இன்னும் போன் வரவில்லை. ஓசூரில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு நாற்காலி இந்நேரம் இடம் மாறியிருக்கும் என்று தினமும் காலையில் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.